துண்டு போட்ட நாற்காலி

கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் போகிற பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தால், கரிசல் காட்டுக்கு நடுவே ரோஸ் வர்ணத்தில் ஒரு பெரிய கட்டடம் தெரியும். இடம் கிடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அந்தக் கட்டடம்தான் கொஞ்சம் கொஞ்சமாக முழுகிக்கொண்டிருக்கிறது. கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பிளக்கும். மானாவாரி விதைக்கிற எவருக்கும் இது தெரியும், கட்டியவர்களுக்குத் தெரியவில்லை. சுவரெல்லாம் விரிசல். அதிலும் கட்டடம் கட்டுவது எப்படி என்று பாடம் நடத்துகிற துறையின் சுவரில்தான், ஓணான் குடும்பத்தோடு குடியிருக்கிற அளவுக்கு விரிசல்.

கற்பகநிதி பொறியியல் கல்லூரி என்று அதற்குப் பெயர். தாளாளர் மணிராஜ் அதற்கு முன்னால் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லாரிகள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கல்லூரி தொடங்கிய பிறகும் அவர் பேச்சு மட்டும் மாறவில்லை.

"பிள்ளையள ஏத்துதோம், நாலு வருசத்துல டிகிரியில இறக்குதோம். நடுவுல தார்ப்பாயை அவுத்து உள்ள என்ன இருக்குன்னு பாக்குற சோலியே நமக்குக் கிடையாது" என்பார் மேடையில். பெற்றோர்கள் கைதட்டுவார்கள். தட்டாமல் என்ன செய்ய, பிள்ளையை ஏற்றிவிட்டாயிற்றே.

அந்தக் கல்லூரியில் வெள்ளிக்கிழமை தோறும் வரையறை வழிபாடு நடக்கும். சிரிக்காதீர்கள் கண்ணுகளா, அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று கைடில் உள்ள வரையறைகளை ஒரே குரலில் ஒப்பிக்க வேண்டும். கைடு எழுதியவர் கணினித் துறையின் தலைவர், டாக்டர் இசக்கிபாண்டி. டாக்டர் பட்டத்துக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பித்த அன்றே பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். பட்டம் மெதுவாகப் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

கணினிக் கூடம் என்று ஒன்று உண்டு. கணினிகளுக்கு ஆயுத பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும் அடுத்த ஆயுத பூஜை வரை அழியாது. யாராவது தொட்டால்தானே அழிய? உறையை எடுத்தால் உள்ளே தூசி போகும், கரண்டு செலவு, பழுதாகும். ஆகையால் புரோகிராமைப் பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள். அது ஓடினால் என்ன விடை வரும் என்பதையும் அவர்களே கீழே எழுதிக்கொள்வார்கள். இசக்கிபாண்டி அதைக் கைடோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிவப்பு மையில் சரி போடுவார்.

"கம்ப்யூட்டர் தப்பா விடை சொன்னாலும் சொல்லும். கைடு சொல்லாது" என்பது அவர் வாக்கு.

அந்தக் கைடில் ஒரு வரையறை இருந்தது. இங்கிலீஷில்தான் ஒப்பிப்பார்கள். தமிழில் சொன்னால் இப்படி: பாயின்டர் என்பது அசலைக் காட்டுவது, அதற்கு நட்சத்திரக் குறி. ரெஃபரன்ஸ் என்பது அசலின் நகல், அதற்கு & என்கிற அண்ட் குறி.

இதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியால்தான் இந்தக் கதை.

*

முத்துசெல்வி அந்தக் கல்லூரியில் கடைசி வருடம். அப்பா மாயகிருஷ்ணன், அம்மா பாலம்மாள். ஊர் கடம்பூருக்குப் பக்கம். வெள்ளாடும் கொஞ்சம் செம்மறியும் வைத்துப் பிழைக்கிற வீடு. சித்தப்பா மகனுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று, அவன் படிப்பை விட்டதும் இவளிடம் வந்து சேர்ந்திருந்தது. கல்லூரியில் தொட முடியாத கணினியை அவள் வீட்டில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தாள்.

பெரிய சூட்டிகை என்று சொல்லிவிட முடியாது. கைடு சொன்னபடிதான் எழுதினாள். எழுதியது ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், அம்மா பட்டியிலிருந்து கத்தினாள்.

"ஏட்டி, தங்கப்பொண்ணு கயித்த அத்துட்டுப் போயிட்டாட்டி!"

அப்பா ரோட்டிலிருந்து குரல் கொடுத்தார். "தங்கப்பொண்ணு கெடக்கா. என் செவலைய எங்க?"

ஒரே ஆடு. அப்பா அதன் நிறத்தைப் பார்த்துச் செவலை என்பார். அம்மா தங்கப்பொண்ணு என்பாள். தங்கப்பொண்ணுக்குக் காலில் முள் ஏறினால் செவலைதான் நொண்டும். முத்துசெல்விக்கு அப்போது உறைத்தது. ரெஃபரன்ஸ் என்பது நகல் இல்லை. அதே ஆட்டுக்கு இன்னொரு பேர். பேர் வைத்தால் வைத்ததுதான். ஆடு இல்லாமல் வெறும் பேர் நிற்காது, அந்தப் பேரைத் தூக்கி நாளைக்கு இன்னொரு ஆட்டுக்குப் போடவும் முடியாது.

பாயின்டர் அப்படியல்ல. ஆடு எந்த மரத்தில் கட்டியிருக்கிறது என்று எழுதி வைத்த துண்டுச் சீட்டு அது. ஆட்டை மாற்றிக் கட்டினால் அழித்து வேறு மரத்தை எழுதிக்கொள்ளலாம். ஒன்றும் எழுதாமல் வெறுஞ்சீட்டாகவும் வைத்திருக்கலாம். சில நேரம் ஆட்டை விற்றுவிட்டிருப்பார்கள், சீட்டு மட்டும் அந்த மரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். நம்பிப் போனால் மரம்தான் இருக்கும்.

உங்களுக்குப் புரிந்துவிட்டதுதானே கண்ணுகளா? இவ்வளவுதான் சங்கதி. இதைப் புரிந்துகொண்டதுதான் முத்துசெல்வி செய்த குற்றம்.

ஏனென்றால் அந்தச் சமயம் சென்னையில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. கல்லூரி வழியாக இல்லை, அவளாக எழுதிப் போட்டு, அவளாகப் பஸ் ஏறிப் போய் வந்தது. கம்பெனி கேட்டது ஒன்றுதான்: எந்தப் பாடத்திலும் ஃபெயில் ஆகியிருக்கக் கூடாது. பாக்கி இருந்தது செய்முறைத் தேர்வு மட்டும்.

அதில் வாய்மொழிக் கேள்வி கேட்க உட்கார்ந்தவர் இசக்கிபாண்டி.

"பாயின்டருக்கும் ரெஃபரன்ஸுக்கும் என்ன வித்தியாசம்?"

முத்துசெல்வி ஆட்டைச் சொன்னாள். துண்டுச் சீட்டைச் சொன்னாள். சந்தோஷமாகவே சொன்னாள். புரிந்துகொண்டவர்களுக்கு வருகிற சந்தோஷம் அது, மறைக்கத் தெரியாது.

இசக்கிபாண்டி கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஆடு எத்தனாவது யூனிட்ல வருது?"

"சார், அது உதாரணம் சார்."

"சிலபஸ்ல ஆடு இருக்கா?"

"இல்ல சார். ஆனா கைடுல ரெஃபரன்ஸ் நகல்னு போட்டுருக்கு. அது நகல் இல்ல சார். நான் ஓட்டிப் பாத்தேன்."

"எதுல ஓட்டிப் பாத்த?"

"கம்ப்யூட்டர்ல சார்."

அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கம்ப்யூட்டர் துறையில் படிக்கிற பிள்ளை கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டது!

"ஏம்மா, பதினோரு பதிப்பு வந்த புத்தகத்தைத் தப்புங்கியா? எத்தனை பேரு இதைப் படிச்சுப் பாஸாகிப் போயிருக்கான், தெரியுமா? தப்பா இருந்தா அவன்லாம் பாஸாகியிருப்பானா?" என்றார் இசக்கிபாண்டி. அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் பாஸ் போட்டவரும் அவரே.

முத்துசெல்வி ஃபெயில்.

*

மறுநாள் பாலம்மாள் கல்லூரிக்கு வந்தாள். மகள் வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. "பெரிய மனுசருக, காலைப் பிடிச்சுக் கேட்டா இரங்க மாட்டாவளா" என்று கிளம்பிவிட்டாள்.

வாசலில் காவலாளி கருப்பசாமி தடுத்தான். "மதினி, செருப்பை வெளிய விட்டுட்டுப் போங்க. வெளியாளுக கரிசல் ஒட்டின செருப்போட டைல்ஸ்ல ஏறக் கூடாதுன்னு ரூலு. எச்ஓடி இசக்கிபாண்டி சார் போட்டது."

வெறுங்காலோடு உள்ளே போனாள். சித்திரை வெயில். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே சிமெண்டுத் தளம் தோசைக்கல்லாய்க் கொதித்தது.

வரவேற்பில் கேட்டாள். "தேர்வுப் பிரிவுல கேளுங்க, நீலக் கட்டடம்." நீலக் கட்டடத்துக்குப் போனாள். "மார்க்கு போடுறது துறைக்காரங்க. அங்கன கேளுங்க." துறைக்குப் போனாள். "நாங்க போட்டதை மாத்தணும்னா ஆபீஸ் சொல்லணும்." ஆபீஸுக்குப் போனாள். "முதல்வர் ரூம்ல கேளுங்கம்மா, கடைசி ரூம்." ஒவ்வொருவரும் சரியாகத்தான் கை காட்டினார்கள். அவரவர் காட்டிய இடத்தில் இன்னொரு கை இருந்தது.

கடைசி அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய மேசை, பின்னால் சுழல் நாற்காலி. நாற்காலி முதுகில் வெள்ளை வெளேரென்று ஒரு துண்டு. ஆள் இல்லை.

"இப்ப வந்துருவாவளா?" என்று பாலம்மாள் அங்கே கூட்டிக்கொண்டிருந்த சுடலையம்மாளிடம் கேட்டாள்.

"அவிய ரிட்டயர்டு ஆகிப் போயி எவ்வளவோ காலமாச்சு தாயி. துண்டை மட்டும் வாராவாரம் தொவைச்சுப் போடச் சொல்லியிருக்காவ. போடுதேன்."

திரும்பி வருகையில் வராந்தாவில் இசக்கிபாண்டி எதிரே வந்தார். பாலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு காலைத் தூக்கி மறு கால் மேல் வைத்து, மாற்றி மாற்றி நின்றுகொண்டே சொன்னாள். "ஐயா, முத்துசெல்வி அம்மா நான். சின்னப் பிள்ளை, ஏதோ வாய் தவறிப் பேசிட்டா. வேலை கிடைச்சிருக்கு, நீங்க பாத்து..."

"ஓ, ஆட்டுக் கேஸா?" இசக்கிபாண்டி கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். "பட்டியில வளந்த புத்தி ஆட்டைத் தாண்டிப் போகாதும்மா. கூட்டிட்டுப் போயி மேய்க்கச் சொல்லு. அதுக்குச் செய்முறைத் தேர்வே கிடையாது."

பாலம்மாள் வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பைச் சொல்லவில்லை. எந்தெந்த அறைக்குப் போனாள் என்று மட்டும் சொன்னாள். சிரித்ததைச் சொன்னது கருப்பசாமி. பக்கத்து ஊர்க்காரன்தான், மனசு கேட்காமல் முத்துசெல்வியிடம் போனில் சொல்லிவிட்டான்.

*

சரியாக அந்தச் சமயம் பார்த்து மேலிடத்திலிருந்து ஆய்வுக்குழு வருவதாகத் தகவல் வந்தது. கல்லூரியில் போதுமான ஆசிரியர்கள் இருக்கிறார்களா, பிள்ளைகள் தேறுகிறார்களா என்று பார்க்கிற குழு. தாளாளருக்குப் பயமே கிடையாது. ஆசிரியர்கள் இல்லாவிட்டால் என்ன, சான்றிதழ்கள் இருந்தன. ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் பலரிடம் சான்றிதழை வாடகைக்குப் பேசி வைத்திருந்தார். சான்றிதழ் கல்லூரிக்கு வேலைக்கு வரும். சான்றிதழ்க்காரர் வீட்டில் பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருப்பார்.

எல்லாம் கணினித் திரையில் ஓட வேண்டும் என்று இந்த முறை குழு கேட்டிருந்தது. கல்லூரியில் ஒரு புரோகிராம் ஏற்கெனவே இருந்தது. யார் வேலை பார்க்கிறார், எந்தப் பிள்ளை பாஸ், எல்லாம் அதில் இருக்கும். வாசலில் விரல் வைத்தால் திறக்கிற பெட்டி, சம்பளம், சான்றிதழ் அச்சடிக்கிற மிஷின் எல்லாம் அதைப் பார்த்துத்தான் நடக்கும். அதுதான் அசல். அசலைக் குழுவிடம் காட்ட முடியாது. குழுவுக்கென்று தனித் திரை வேண்டும், அதில் வேண்டியபடி மாற்றிக்கொள்ள வேண்டும், அசல் அப்படியே இருக்க வேண்டும்.

இதை எழுதத் தெரிந்த ஆள் அந்தத் துறையில் ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் தாளாளருக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டரைத் தொட்ட பிள்ளை ஒன்று இருப்பதும் தெரிந்தது.

இசக்கிபாண்டி முத்துசெல்வியை வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்தினார்.

"அசலுக்கு ஒரு ரெஃபரன்ஸ் போடு. அந்த ரெஃபரன்ஸை நாங்க மாத்திக்கிடுவோம். நல்லபடியா முடிச்சுக் குடு, உன் விசயத்தை அப்புறம் பாப்போம்."

"சார், ரெஃபரன்ஸ்ல மாத்துனா அசலும் மாறிரும் சார். வெறும் நகல் எடுத்துத் தாரேன். அண்ட் குறி இல்லாம எழுதினாப் போதும்."

"கைடு என்ன சொல்லுது?"

"கைடு தப்பு சார்."

"கிளாஸ்! ரெஃபரன்ஸ் என்பது?"

வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. "அசலின் நகல்! அதற்கு அண்ட் குறி!"

"கேட்டியா? அறுபது பேரு சொல்லுதான். நீ ஒருத்தி மாத்திச் சொல்லுத. அண்ட் குறி போடல, இந்த ஜென்மத்துல உனக்கு டிகிரி கிடையாது. நான் வந்து பாப்பேன், குறி இருக்கணும்."

அன்று சாயங்காலம் முத்துசெல்வி வீட்டில் எழுதினாள். எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை. குறியைப் போட்டாள். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் குறிதானே தெரிய வேண்டும்? கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சும்மா ஒன்றைப் போட்டுவிட்டு, உள்ளே நகலாக எழுதிவிடலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. கல்லூரிக்கும் ஒன்றும் ஆகாது. பாவம், எத்தனையோ பேர் பிழைப்பு. விரல் அழிக்கிற விசை மேல் போய் நின்றது.

பட்டிக்குப் பக்கத்தில் பாலம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"எம்மா, கால் எப்பிடி இருக்கு?"

"கெடக்கு, விடு. உனக்குச் சோலி முடிஞ்சுதா?"

முத்துசெல்வி விரலை எடுத்தாள். "முடிஞ்சுட்டும்மா. அவிய சொன்னபடியே எழுதிட்டேன்."

*

குழு வந்தது. வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, கடம்பூர் போளி சுடச்சுடத் தட்டில் வைத்தார்கள். குழுத் தலைவர் போளியை இரண்டாக மடித்து வாயில் போட்டுக்கொண்டே திரைக்கு முன்னால் அமர்ந்தார்.

அதற்கு முன்பே காலையில் எல்லா வேலையும் முடிந்திருந்தது. பிள்ளைகள் பட்டியலில் ஃபெயில் என்று இருந்ததையெல்லாம் இசக்கிபாண்டி தன் கையாலேயே பாஸ் என்று மாற்றினார். முத்துசெல்வி பெயரை மாற்றும்போது திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ரொம்ப ஆசைப்படாத. இது நகல். அசல்ல நீ ஃபெயில்தான்."

"சார், இன்னொரு தடவை சொல்லுதேன். இதுல மாத்துனா..."

"வாயை மூடு."

முத்துசெல்வி வாயை மூடிக்கொண்டாள். மூன்று முறை சொல்லியாயிற்று. அதற்கு மேல் சொல்லுவது நமக்கும் மரியாதையில்லை, இல்லையா?

ஆசிரியர் பட்டியல் வந்தது. தாளாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இசக்கிபாண்டி, துறைத்தலைவர்னா நிசமான டாக்டரா இருக்கணுமாம்லா. உங்களுது இன்னும் வரலையே. இன்னைக்கு ஒருநாள் மட்டும் அந்த வெயிலுகந்தம்மாள் சர்ட்டிபிகேட்டை உங்க இடத்துல போட்டுக்கிடுவோமா?"

வெயிலுகந்தம்மாள் ஓட்டப்பிடாரத்தில் மகள் வீட்டில் இருக்கிற ஓய்வு பெற்ற பேராசிரியை. இந்தக் கல்லூரி எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது.

"அதுக்கென்ன அண்ணாச்சி, ரெஃபரன்ஸ்தானே, நகல்தானே!" என்றார் இசக்கிபாண்டி. தன் பெயரைத் தானே அழித்தார். அந்த இடத்தில் வெயிலுகந்தம்மாள் என்று அடித்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை சரி பார்த்துக்கொண்டார். அவ்வளவு அக்கறை.

குழுத் தலைவர் திரையைப் பார்த்தார். "துறைத்தலைவர் அம்மாவைப் பார்க்கலாமா?"

"ஆராய்ச்சியில இருக்காவ" என்றார் தாளாளர்.

"நல்லது, தொந்தரவு செய்ய வேண்டாம். ஆட்கள் வருவார்கள், போவார்கள். நாங்கள் ஆட்களை ஆய்வு செய்வதில்லை, பதிவைத்தான் ஆய்வு செய்கிறோம். ஒரு கல்லூரியில் ஆள் இருந்து பதிவு இல்லையென்றால் அது ஊழல். பதிவு இருந்து ஆள் இல்லையென்றால் அது நிர்வாக வசதி" என்றார் தலைவர். பிறகு இன்னொரு போளி எடுத்தார்.

எல்லாம் சரி என்று ஒப்புதல் முத்திரை வைத்துவிட்டு, போளிப் பொட்டலங்களோடு குழு கிளம்பியது. சாயங்காலம் கணினி, தினமும் செய்கிறபடி அசலைப் பத்திரமாகச் சேமித்து வைத்தது. அதற்கு ஒருவர் மேல் கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது.

*

மறுநாள் காலை இசக்கிபாண்டி வாசலில் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"விரலைத் துடைச்சுட்டு வைங்க சார்" என்றான் கருப்பசாமி.

துடைத்து வைத்தார். சிவப்பு. வேறு விரல். சிவப்பு. கருப்பசாமி திரையைக் குனிந்து பார்த்தான். "சார், உங்க பேரே இல்லியே. துறைத்தலைவர் வெயிலுகந்தம்மாள்னு இருக்கு."

"ஏலே, அது நகல்லே! கதவைத் திறலே!"

"வெளியாளா வேணா உள்ள போங்க சார்." கருப்பசாமி கொஞ்சம் தொண்டையைச் செருமினான். "ஆனா பூட்ஸுல கரிசல் ஒட்டியிருக்கு. டைல்ஸ்ல ஏறக் கூடாது. ரூலு."

முந்தின நாள் மேளக்காரர்களை வழியனுப்பக் காட்டுக்குள் இறங்கி நடந்தபோது ஒட்டிய மண். இசக்கிபாண்டி பூட்ஸைக் கழற்றினார். காலுறையும் கழன்றது.

வரவேற்பில் கேட்டார். தேர்வுப் பிரிவுக்குக் கை காட்டினார்கள். அவர்கள் துறைக்குக் காட்டினார்கள். துறையில், நேற்று வரை அவரைக் கண்டால் எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தபடியே, "ஆபீஸ்ல கேளுங்க சார்" என்றார்கள். ஆபீஸ் தாளாளரிடம் அனுப்பியது. பத்து மணி வெயிலில் சிமெண்டுத் தளத்தின் மேல் அவர் ஓடின ஓட்டத்தைப் பிள்ளைகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

தாளாளர் முந்தின ராத்திரியே அசல் மாறியிருப்பதைப் பார்த்து, நன்றாக யோசித்து வைத்திருந்தார்.

"மாத்தச் சொல்லுதீங்க, எனக்கும் ஆசைதான். ஆனா குழு முத்திரை வச்சுட்டுப் போயிருச்சே. இனிமே தொட்டா பொய்ப் பதிவுன்னு ஆயிராதா? நாம நேர்மையான நிறுவனம் இசக்கிபாண்டி."

"அண்ணாச்சி, அந்த அம்மா ஆளே கிடையாது!"

"அதைத்தான் நானும் ராத்திரி யோசிச்சேன். ஆளே கிடையாது. சம்பள உயர்வு கேக்காது, லீவு கேக்காது, ஸ்டாஃப் ரூம்ல என்னைப் பத்திப் புறணி பேசாது. நிசமான டாக்டரு வேற. இந்த மாதிரி ஒரு துறைத்தலைவரைத்தான் நான் இத்தனை வருசமாத் தேடுதேன்." தாளாளர் மேசையில் கிடந்த கைடை எடுத்து அட்டையைத் தடவினார். "அடுத்த பதிப்புல இந்தப் பேரையும் மாத்திருவோம். அந்த அம்மா எழுதினதுன்னா இன்னும் எடுப்பா இருக்கும்."

"என் அசலு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டார் இசக்கிபாண்டி.

"எழுதினவகிட்ட கேளுங்க."

எழுதினவள் அப்போது கீழே சான்றிதழ் மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் பாலம்மாள். மிஷின் கர்ரென்று சத்தம் போட்டுத் தாளைத் துப்பியது. முத்துசெல்வி, எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. துறைத்தலைவர், டாக்டர் வெயிலுகந்தம்மாள். முத்திரையோடு. முத்துசெல்வி அதைக் காயவிட்டு, மடிக்காமல் உறையில் வைத்தாள். சென்னை பஸ் சாயங்காலம்.

இசக்கிபாண்டி படியிறங்கி ஓடி வந்தார். ஒரு காலைத் தூக்கி மறு கால் மேல் வைத்து, மாற்றி மாற்றி நின்றார். "ஏட்டி! என் பேரை என்னட்டி பண்ணுன? என் அசல் எங்க?"

"பயப்படாதீங்க சார். நீங்க அழிச்சது நகல்தான். அசல் பத்திரமா இருக்கும். பதினோரு பதிப்பு வந்த புத்தகத்துல போட்டுருக்கே, தப்பாவா இருக்கும்?"

"நீ சொன்னது சரின்னு ஒத்துக்கிடுதேன்மா. எழுதித் தாரேன்மா. ஒரே ஒரு தடவை மாத்திக் குடு. இருபது வருசச் சர்வீஸு..."

முத்துசெல்வி அவரைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். "ஆட்டைத் தாண்டி எனக்குப் புத்தி போகாது சார்" என்றாள்.

அவள் நடந்தாள். பாலம்மாள் உடனே போகவில்லை. அவள் சுபாவம் அப்படி. கண் முன்னால் ஒரு மனிதர் வழி தெரியாமல் நின்றால் சும்மா போக அவளுக்கு வராது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வராந்தாவின் கோடிக்குக் கையை நீட்டினாள்.

"ஐயா, இப்பிடியே நேராப் போங்க. கடைசி ரூமு. காத்தாடி ஓடிக்கிட்டிருக்கும். நாற்காலியில வெள்ளைத் துண்டு போட்டிருக்கும்." பாலம்மாள் குரலில் துளி சிரிப்பு இல்லை. "அவிய இப்ப வந்துருவாவ. அங்கன கேளுங்க."

யார் அறை என்றும் யோசிக்காமல் இசக்கிபாண்டி அந்தப் பக்கமே ஓடினார்.